மலையும் ஆறும் படத்தில் ஏறிய வரலாறு
நாஞ்சில் நாட்டு நில அளவையும் நம் ஊராட்சிகளின் கடமையும்

வீடு கட்ட விரும்புகின்றவன் முதலில் மனையை அளக்கின்றான். வயலில் வரப்பு போடுகின்றவன் எப்பக்கம் மேடு, எப்பக்கம் பள்ளம் என்று பார்த்த பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுக்கின்றான். ஆயின் ஊர் முழுமைக்கும் பயன்படும் பாலமோ தடுப்பணையோ சாலையோ அமைக்க முற்படும்போது மட்டும், நிலத்தின் ஏற்றத்தாழ்வை அறியாமலே வேலையைத் தொடங்கிவிடும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் நீங்கவில்லை. பின்னர் மழை வருகின்றது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிச் செல்கின்றது. நாம் அமைத்தது அவ்வழியில் நின்றால் அதை இழுத்துச் செல்கின்றது.

நிலத்தின் மேடுபள்ளங்களையும் நீரின் போக்கையும் தாளில் எழுதி வைப்பதற்கு நிலவமைப்புப் படம் என்று பெயர். நம் குமரி மாவட்டத்தின் மலைகளும் ஆறுகளும் இத்தகைய படத்தில் முறையாக இடம்பெற்று இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவ்வேலை எவ்வாறு நடந்தது, அதனால் விளைந்த பயன் யாது, அப்படத்தை ஊராட்சி உறுப்பினரும் விவசாயியும் எவ்வாறு கையாளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

படத்திற்கு முன்பே இருந்த அறிவு

நம் மாவட்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக நிற்கின்றது. கிழக்கு எல்லையில் மகேந்திரகிரி 1,654 மீட்டர் உயர்ந்துள்ளது. மாவட்டத்திற்குச் சற்று வடக்கே அகத்தியமலை 1,868 மீட்டர் உயரத்தில் விளங்குகின்றது. இம்மலைக் காடுகளில் பிறக்கும் கோதையாறும் பரளியாறும் கூடிக் குழித்துறை ஆறாகி, தேங்காய்ப்பட்டினத்தில் கடலை அடைகின்றன. தாமிரபரணி என்றும் இதனை நம் மக்கள் அழைப்பர். கிழக்கே பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களின் நடுவே ஓடி மணக்குடியில் கடலோடு கலக்கின்றது.

இவ்விரு ஆறுகளுக்கும் இடையே ஓர் உண்மை மறைந்துள்ளது. மலைநீர் மிகுதியாகச் சேர்வது மேற்கே கோதையாற்றுப் பக்கம். நெல்வயல் பரந்து கிடப்பது கிழக்கே பழையாற்றுப் பக்கம். மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்ப வேண்டுமானால், இடையிலுள்ள மேட்டில் எந்த இடம் தாழ்வானது என்று தெரிய வேண்டும். பரளியாற்றில் அணையிட்டு அதன் நீரைப் பழையாற்றில் சேர்க்கும் பாண்டியன் கால், பெயருக்கேற்பப் பாண்டியர் காலத்தது என்று மரபு கூறுகின்றது. அதற்குப் பின் வந்த புத்தன் அணையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் காலத்தோடு சேர்த்துச் சொல்வர். அந்நாளில் படம் இல்லை, தூரமானி இல்லை. எனினும் மேட்டின் தாழ்வான இடத்தை நம் முன்னோர் கண்டுபிடித்தனர். ஓடுகின்ற நீரையும், மழைக்குப் பின் தேங்குகின்ற நீரையும் தலைமுறை தலைமுறையாக உற்றுப் பார்த்தே இதனை அறிந்தனர் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய அறிவில் ஒரு குறை உண்டு. அது அறிந்தவர் நெஞ்சில் மட்டுமே இருக்கும். அவரோடு அது மறையவும் கூடும். அடுத்த ஊர்க்காரர் அதை ஏற்காமல் வழக்காடவும் கூடும். படம் என்பது அவ்வறிவை எல்லோருக்கும் பொதுவாக்கும் கருவி.

அளவைக்காரர் தெற்கே வந்தது

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அதனை எஃகுச் சங்கிலி கொண்டு மிகுந்த கவனத்துடன் அளந்தனர். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் பெருமுயற்சியின் தொடக்கம் இதுவே.

லாம்டனிடம் இருந்த கோணமானி அரை டன் எடை உள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சிதைந்தது. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும் சமவெளியில் கோபுரங்களைவிட உயரமான இடம் வேறில்லை என்பதால்தான் அவர் கோயிலை நாடினார். சிதைந்த வட்டத்தைத் தம் கையாலேயே ஆறு வாரங்களுக்குள் செப்பனிட்டு அவர் மேலும் தெற்கே நகர்ந்தார். 1809-இல் அவருடைய அளவை குமரிமுனைப் பகுதியை எட்டிற்று. முனைக்கு அருகே ‘புன்னை’ என்று ஆவணங்களில் குறிக்கப்பட்ட நிலையமே, பிற்காலத்தில் இமயத்தின் அடிவாரம் வரை நீண்ட பெரிய அளவைக் கோட்டின் தென்முனை ஆயிற்று. இந்தியாவின் படம் நம் மாவட்டத்தின் மண்ணில் ஊன்றிய காலோடு வடக்கே சென்றது என்று நாம் பெருமைப்படலாம்.

அதே 1809-ஆம் ஆண்டில்தான் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆரல்வாய்மொழி அரணும் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதன் பின் கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக அமர்ந்து, சில ஆண்டுகள் திவானாகவும் ஆட்சி நடத்தினார். நாட்டின் வழிகள், கணவாய்கள், வருவாய் ஆகியவற்றை அறிந்து கொள்ளக் கம்பெனியார் விரும்பினர். நில அளவையின் முதல் நோக்கம் உழவனின் நலம் என்று நாம் சொல்ல முற்பட்டால் அது உண்மையாகாது. படைநடத்தலும் வரிவிதித்தலும் அதன் பின்னணியில் இருந்தன. ஆயினும் எக்காரணத்திற்காக எழுதப்பட்டாலும், சரியாக எழுதப்பட்ட படம் பின்வருவோர் அனைவருக்கும் பயன்படுகின்றது.

1810-இல் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளராகவும் 1815-இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளராகவும் நியமனம் பெற்றவர் காலின் மெக்கன்சி. தமிழ்நாட்டின் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் தொகுத்தவர் என்று நாம் அறிந்த அவரே இவர். இவர் காலத்தில், 1816 முதல் 1820 வரை, திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து படம் வரையும் பணி லெப்டினன்ட் வார்டு, லெப்டினன்ட் கான்னர் என்னும் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது திருவிதாங்கூரில் கௌரி பார்வதிபாய் அரசியார் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் தாலுக்காக்கள் அனைத்தும் இவ்வளவையில் அடங்கின. பின்னர் 1821-இல் பழனி மலைமேல் ஏறிக் கொடைக்கானல் பகுதியை அளந்தவரும் இதே வார்டுதான்.

தண்ணீரைக் கடக்காமல் அக்கரையை அளப்பது

மலையையும் காட்டையும் சங்கிலி பிடித்து அளக்க இயலுமா? இயலாது. அதற்கு அளவைக்காரர் கையாண்ட உபாயம் முக்கோண அளவை. இதனைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. நம் ஊர்க் குளக்கரையிலேயே செய்து பார்க்கலாம்.

குளத்தின் அக்கரையில் ஒரு பனைமரம் நிற்கின்றது என்று கொள்வோம். இக்கரையில் அம்மரத்திற்கு நேர் எதிரே ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து பார்த்தால் மரமும் கரையும் நேர்கோணத்தில், அதாவது தாளின் மூலைபோல, அமைய வேண்டும். இனி ஒரு சதுரத் தாளை மூலைக்கு மூலை மடியுங்கள். மடித்த முனை நேர்கோணத்தில் பாதி. அதனைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து செல்லுங்கள். தாளின் ஒரு விளிம்பு முளையை நோக்கியிருக்க, மற்றொரு விளிம்பு பனைமரத்தை நேராகக் காட்டும் இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள். முளையிலிருந்து நீங்கள் நடந்த தூரம் நூறு மீட்டர் ஆயின், குளத்தின் குறுக்களவும் நூறு மீட்டரே. காலில் ஈரம் படாமல் அக்கரையை அளந்துவிட்டோம்.

ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் அறிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் கிடைத்துவிடும் என்பதே இதன் தத்துவம். கணக்கில் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இவ்வாறு ஒரு மலைமுடியிலிருந்து மறு மலைமுடிக்கு முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே செல்வர். லாம்டன் பெரிய முக்கோணங்களை அமைத்துச் சென்றார். அவற்றின் நடுவே சிறிய முக்கோணங்களை இட்டு, ஊர், ஆறு, குளம், கோயில், பாதை ஆகியவற்றை நிரப்புவது வார்டு, கான்னர் போன்றோரின் வேலை. அதற்கு மூன்று கால்களின் மேல் நிற்கும் அளவை மேசையைப் பயன்படுத்தினர். மேசையின்மேல் தாளை விரித்து, கண்முன் தெரியும் இடத்தை நோக்கி அளவுகோலை வைத்து, அங்கேயே கோடிழுப்பர். பாதைகளை அளக்கச் சக்கரம் ஒன்றைத் தள்ளிச் சென்றனர். அச்சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பது நடந்த தூரத்தைக் காட்டும்.

காடு தந்த இடையூறு

வயல் நாட்டில் இவ்வேலை விரைவாக நடந்திருக்கும். கோதையாற்றின் தலைப்பகுதி அத்தகையதன்று. மரக்கிளைகள் வானத்தையே மறைக்கும் காட்டில் எதிரேயுள்ள முடியைப் பார்க்க முடியாது. பார்வைக் கோட்டிற்கு மரங்களை வெட்டித் திறப்பு உண்டாக்க வேண்டும். மலை ஏறிய நாளில் மேகம் மூடினால் மீண்டும் காத்திருக்க வேண்டும். ஆண்டில் இரு பருவமழையும் பெறுகின்ற மலை நம்முடையது. ஆகவே வானம் தெளிந்து, காடும் கடக்கத்தக்கதாக இருக்கும் மாதங்கள் மிகச் சிலவே.

இவற்றினும் கொடியது மலைக்காய்ச்சல். கொசுவால் மலேரியா பரவுகின்றது என்பது 1897-இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் காட்டில் தங்கிய அளவைக் குழுவினர், காய்ச்சல் காட்டின் கெட்ட காற்றால் வருவதாகவே எண்ணினர். தென்னாட்டு மலைகளில் வேலை செய்த குழுக்கள் பல இக்காய்ச்சலால் சிதைந்தன. படத்தில் ஒருசில கோடுகளாக நாம் காணும் மலைச்சரிவுக்குப் பின்னே சங்கிலி பிடித்தவர், மரம் வெட்டியவர், சுமை தூக்கியவர் பலரின் உழைப்பும் உடல்நலமும் இருக்கின்றன. காணிக்காரர் முதலிய மலைமக்களின் ஒற்றையடித் தடங்களே காட்டுக்குள் செல்லும் வழி. எனினும் படத்தின் அடியில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே எழுதப்படுவது அக்கால வழக்கம்.

இக்காரணங்களால் அக்காலப் படங்களில் வயல் நாடு துல்லியமாகவும், அடர்ந்த காட்டின் உட்பகுதி அத்துணைத் துல்லியமின்றியும் அமைந்தது இயல்பே. காட்டுக்குள்ளே நீண்ட காலம் தங்கி அறிவியல் ஆராய்ந்தவர் பின்னரே வந்தனர். திருவனந்தபுரம் வான் ஆய்வுக்கூடத்தின் தலைவரான ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியமலையின் உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, காற்றழுத்தத்தையும் காந்த ஊசியின் அசைவையும் பதிவு செய்யச் செய்தார். படம் என்பது ஒரே நாளில் முடிந்த வேதவாக்கு அன்று; ஒவ்வொரு தலைமுறையும் திருத்தி எழுத வேண்டிய ஏடு என்பதை இதனால் அறியலாம்.

படத்தோடு பிறந்த நூல்

மெக்கன்சி தம் கீழ் வேலை செய்தவரிடம் படம் மட்டும் போதாது என்று வற்புறுத்தினார். நாட்டின் ஆறு, மலை, மண், பயிர், பாசனம், ஊர்கள், மக்களின் தொழில் ஆகியவற்றை விவரிக்கும் குறிப்பேடும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாறே வார்டும் கான்னரும் எழுதிய நூல் 1863-இல் திருவனந்தபுரம் சர்க்கார் அச்சகத்தில் அச்சேறியது. அந்நாளில் தாலுக்காவை மண்டபத்தும்வாதுக்கல் என்றனர். நாஞ்சில் நாட்டு ஊர்கள் பன்னிரு பிடாகைகளாகப் பிரிந்திருந்தன. அப்பிரிவுகள் இன்று ஆட்சி முறையில் இல்லை. ஆயினும் பழைய குளம், கால்வாய், ஊர் ஆகியவை எங்கே எப்பெயரில் இருந்தன என்று ஆராய்வோருக்கு இத்தகைய நூல்கள் சான்றாக நிற்கின்றன.

ஊர்ப்பெயர்களும் ஒருவகைப் படமே என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். விளை என்று முடிந்தால் அது மேட்டுத் தோட்ட நிலம். ஏலா என்றால் நீர் பாயும் தாழ்ந்த வயல். பொற்றை என்றால் சிறு பாறைக் குன்று. ஏலா என்று பெயர் வழங்கும் இடத்தில் வீட்டுமனை போட்டுவிட்டு, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று வியப்பதில் பொருளில்லை. அப்பெயரே நமக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கின்றது.

படத்திலிருந்து அணைக்கு

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கப்பட்டு 1906-இல் முடிந்தது. அதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின். அணை கட்ட முனையும் எந்தப் பொறியாளரும் நிலவமைப்பைப் பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எவ்வளவு பரப்பில் பெய்யும் மழை இவ்விடத்தில் வந்து சேரும்? இரு மலைகளும் நெருங்கி, குறைந்த நீளச் சுவரால் ஆற்றைத் தடுக்கத்தக்க இடம் எது? அவ்விடம், நீர் பாய வேண்டிய வயல்களைவிட உயரமானதா? இம்மூன்றுக்கும் விடை நிலவமைப்புப் படத்தில்தான் உள்ளது.

முதற் கேள்வியைக் கணக்காகவே பார்ப்போம். பேச்சிப்பாறையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 20 இலட்சம் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 7 கோடி கன அடி நீர் விழுகின்றது. பத்து சென்டிமீட்டர் பெய்தால் 70 கோடி கன அடி. அணையின் கொள்ளளவு 435 கோடி கன அடி. மண் உறிஞ்சுவதைக் கழிக்காமல் பார்த்தால், ஒரு பெருமழை நாளில் அணையின் ஆறில் ஒரு பங்கு நீர் மலையில் விழுந்துவிடுகின்றது. நீர்ப்பிடிப்புப் பரப்பைப் படத்தில் அளக்காமல் இக்கணக்கைப் போட முடியாது.

பரளியாற்றில் பெருஞ்சாணி அணை 1950-களின் தொடக்கத்தில் முடிந்தது. சிற்றாறு அணைகள் அதன்பின் எழுந்தன. ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பள்ளத்தாக்கின் மேலே, நூறு அடிக்கும் மிகுந்த உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டு செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1960-களில் உருவாயிற்று. இருபுறத்து நிலமட்டத்தையும் அடி பிசகாமல் அறிந்தாலன்றி இத்தகைய பாலத்தில் நீர் தானாக ஓடாது. இவ்வேற்பாடுகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 79,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகமும் இவற்றை நம்பியே நிற்கின்றன.

நீரின் எல்லை வேறு, ஆட்சியின் எல்லை வேறு என்பதற்கும் நம் மாவட்டமே உதாரணம். 1956 நவம்பர் 1-இல் நான்கு தாலுக்காக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை தாலுக்கா வரம்பை ஒட்டி வகுக்கப்பட்டது. நெய்யாறு கேரளத்தில் நின்றது. அதன் இடதுகரைக் கால்வாயால் நீர் பெறும் ஏறத்தாழ 9,200 ஏக்கர் விளவங்கோடு தாலுக்காவில் நின்றது. 2004-இல் அக்கால்வாயில் நீர் வருவது நின்றபோது, எல்லைக்கோடு ஒன்று வயலின் மடைவாயில் எவ்வளவு பொருள்படும் என்பதை அப்பகுதி விவசாயிகள் உணர்ந்தனர்.

படத்தை வாசிக்கும் முறை

இன்று இந்திய நில அளவைத் துறை வெளியிடும் நிலவமைப்புப் படத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். ஆகவே பக்கத்திற்கு இரண்டு சென்டிமீட்டர் உள்ள சதுரம் ஒரு சதுர கிலோமீட்டர். பழைய எண் முறைப்படி நாகர்கோவில் 58 எச் வரிசையின் 8-ஆம் தாளிலும், பேச்சிப்பாறை 7-ஆம் தாளிலும், குழித்துறை 3-ஆம் தாளிலும், கன்னியாகுமரி 12-ஆம் தாளிலும் அமையும்.

வண்ணங்களை அறிந்துகொண்டால் படத்தில் பாதி விளங்கிவிடும். பச்சை காடும் மரச்செறிவும். மஞ்சள் பயிர் நிலம். சிவப்பு சாலையும் குடியிருப்பும். நீலம் ஆண்டு முழுவதும் நீர் உள்ள ஆறும் குளமும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையைக் கருங்கோட்டால் காட்டியிருப்பர். இதனைப் பலர் பாதை என்று எண்ணி ஏமாறுகின்றனர்.

பழுப்புக் கோடுகளே படத்தின் உயிர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைப்பது ஒரு கோடு. அடுத்த கோடு 20 மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். குளத்தில் நீர் வற்ற வற்றக் கரைச்சரிவில் வளையம் வளையமாகத் தடம் படிவதை நாம் பார்த்திருக்கின்றோம். மலையைச் சுற்றியும் அவ்வாறே வளையங்கள் வரைந்திருப்பதாகக் கொள்க. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமவெளி. கோடு வளைந்து கூர்மையாகி ஓடையைக் கடக்குமானால், அக்கூர்முனை நீர் வரும் மேற்புறத்தைக் காட்டும்.

இவ்வாசிப்பின் பயன் என்ன? ஓர் ஊராட்சியில் நாம் கண்டதைக் கூறுவோம். ஏலாவின் மேற்புறம் சாலை ஒன்று உயர்த்தப்பட்டு, நீர் போக இரண்டடிக் குழாய் ஒன்று மட்டும் பதிக்கப்பட்டிருந்தது. 2021 நவம்பர் மாதப் பெருமழையில் நீர் சாலையை உடைத்துக்கொண்டு பாய்ந்து, கும்பப்பூப் பயிரின்மேல் மணலைக் கொட்டிச் சென்றது. கடைமடை விவசாயிகள் மேல்மடைக்காரரைக் குறை கூறினர். அவர்கள் மழையைக் குறை கூறினர். பின்னர் படத்தை விரித்துப் பார்த்தபோது, மூன்று கருங்கோடுகள் சாலைக்குச் சற்று மேலே ஒன்றுகூடுவது தெரிந்தது. அவற்றின் நீர்ப்பிடிப்பைச் சதுரங்களால் எண்ணினால் இரண்டு சதுர கிலோமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழையில் அப்பரப்பில் விழும் நீர் 10 கோடி லிட்டர். பாதி மண்ணில் இறங்கினாலும் மீதி 5 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஐயாயிரம், அந்த இரண்டடிக் குழாய் வழியே போக வேண்டியிருந்தது! அங்கிருந்த முதியவர் ஒருவர் மூன்று ஓடைகளையும் பெயர் சொல்லி அழைத்தார். அவரைக் கேட்டிருந்தாலும் போதும். படத்தைப் பார்த்திருந்தாலும் போதும். இரண்டும் நடைபெறவில்லை.

ஊராட்சிகள் செய்ய வேண்டுவன

நிலவமைப்புப் படம் மேடுபள்ளத்தைக் காட்டும்; நிலம் யாருடையது என்று காட்டாது. அது உரிமைக்குச் சான்றும் அன்று. உரிமையைக் காட்டுபவை கிராம வரைபடம், புலப்படம், ‘அ’ பதிவேடு ஆகியவை. திருவிதாங்கூர் அரசு 1883 முதல் 1911 வரை நடத்திய நிலவரித் திட்டமே நம் மாவட்டத்தின் இத்தகைய பதிவுகளுக்கு அடிப்படை. பழைய ஏடுகள் சில மலையாளத்தில் உள்ளமையால் அவற்றை வாசிக்க வல்லாரின் துணை வேண்டும். புலப்படம் இல்லாமல் நிலவமைப்புப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஆக்கிரமிப்பை அகற்ற முடியாது. நிலவமைப்புப் படம் இல்லாமல் புலப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நீர் எங்கிருந்து வருகின்றது என்று தெரியாது. இரண்டும் மாட்டுவண்டியின் இரு சக்கரங்கள் போன்றவை.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியும் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம். தன் பகுதியின் நிலவமைப்புப் படத்தையும் கிராம வரைபடத்தையும் பெற்று அலுவலகச் சுவரில் மாட்டி வைக்கலாம். குளம், மறுகால், ஓடை ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டு நேரில் நடந்து பார்த்து, இருக்கின்றது, சுருங்கியது, மறைந்தது என மூவகையாக எழுதலாம். இந்நடையில் முதியோரையும் பள்ளி மாணவரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். ஒருவர் பெயர் சொல்வார், மற்றவர் எழுதிக்கொள்வார். எழுதியதை, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில் படித்துக் காட்டலாம். நீர்நிலை ஆக்கிரமிப்பு எனத் தோன்றுவதை வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். இதற்கென 2007-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உள்ளது. பாலமோ தடுப்பணையோ கேட்டுத் தீர்மானம் இயற்றும்போது, அதன் நீர்ப்பிடிப்பு எவ்வளவு என்பதையும் தீர்மானத்திலேயே குறிப்பிடலாம். அவ்வாறு குறித்த தீர்மானத்தைப் பொறியாளர் எளிதில் தள்ளிவிட இயலாது.

மலைக்காட்டில் காய்ச்சலோடு போராடி, தெரியாத நாட்டைத் தாளில் எழுதியவர்கள் அயலார். அவர்கள் எழுதியதை வைத்துப் பின்வந்தோர் தம் காரியங்களைச் செய்துகொண்டனர். இன்று படமும் நம்முடையது; நாடும் நம்முடையது. இன்ன இடத்தில் இன்ன ஓடை ஓடியது என்று எழுதி வைத்த ஊரில் அவ்வோடையை ஒருவர் தனக்கென வளைத்துக்கொள்வது எளிதன்று. எழுதி வைக்காத ஊரில் ஓடை போன பின்னரே வழக்கு தொடங்குகின்றது. அடுத்த பருவமழைக்கு முன் நம் ஊராட்சிகள் தத்தம் படத்தை விரித்துப் பார்த்து, ஒரு நாள் ஊரைச் சுற்றி நடந்து வருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.